பழைய ஊடு, புதுப் பங்காளிக

வாங்கிப்போடு கண்ணு. அப்பிச்சி வேண்டாம்னு சொல்லி நீ கேக்கவா போறே? நியூயார்க்குல, ஜாக்சன் ஹைட்ஸ்ல ரெண்டு பெட்ரூம். ரெண்டாம் உலக யுத்தத்துக்கு நெம்ப முந்தி, 1920கள்ல கட்டுன ஆறு மாடிக் கட்டடம். ஒம்பதடி உசரத்துல கூரை, உள்ளாற தோட்டம், நாலெட்டு வெச்சா ஏழாம் நம்பர் ரயிலு. விலை 6 லட்சம் டாலரு. ஞாயித்துக்கெழமை அதைப் போயிப் பார்த்துப்போட்டு வந்ததுலருந்து சோத்துல கையை வெச்சுக்கிட்டு மோட்டுவளையப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கறே. இந்த வாடகை ஊட்டு மோட்டுவளை எட்டடிதான்னு இத்தனை நாளா உனக்குத் தெரியாது. இப்பத் தெரிஞ்சு போச்சு. இனி உன்னை ஆரு புடிச்சு நிறுத்தறது?

நிறுத்தறது என்ற சோலியும் இல்ல. நீ வாங்கறது என்னன்னு ஒருக்கா உன்ற காதுல போட்டுட்டாப் போதும். புரோக்கரு குடுத்த காகிதத்தை நீ தலையணைக்கு அடியில வெச்சுக்கிட்டுத் தூங்குனே. அம்முணி அதை எடுத்து வரி வரியா எனக்குப் படிச்சுக் காட்டுனா. உன்ற பொண்டாட்டி கெட்டிக்காரி. அவளுக்கும் எனக்கும் முதல் பக்கத்துலயே வெளங்கிப்போச்சு. நீ ஊடு வாங்கல அப்புனு.

இதுக்குக் கோ-ஆப்புன்னு பேரு. கட்டடம் ஒரு கம்பெனிக்குச் சொந்தம். அந்தக் கம்பெனியில நீ இத்தனை ஷேருன்னு வாங்கறே. பெரிய ஊட்டுக்கு ஷேரு சாஸ்தி, சின்ன ஊட்டுக்குக் கம்மி. அந்த ஷேரு உங்கையில இருக்கற வரைக்கும் மூணாவது மாடியில குடியிருந்துக்கலாம்னு ஒரு குத்தகைச் சீட்டும் தருவாங்க. அவ்வளவுதான். உன்ற பேர்ல கெரயப் பத்திரம் கிடையாது. 6 லட்சத்தைக் குடுத்தும் அந்தக் கட்டடத்துல ஒத்தச் செங்கல்லு உன்றது இல்ல. நியூயார்க்குல பெரிய படிப்புப் படிச்சவங்க பூரா இதுக்குத்தான் முட்டி மோதறாங்கன்னா, பத்தாவது படிச்ச நான் அதுக்கு மேல என்ன சொல்றது?

ஆனா ஒண்ணு, இந்த வெவகாரம் எனக்குப் புரிஞ்ச அளவுக்கு உனக்குப் புரியாது. நம்ம தோட்டத்துக் கிணத்துல எனக்கு நாலுல ஒரு பங்கு. உன்ற கொள்ளுத்தாத்தன் காலத்துல நாலு பங்காளிக ஒட்டுக்கா வெட்டுனது. என்ற முறை வந்தா நான் தண்ணி எறைச்சுக்கலாம். கிணறு என்றதுன்னு மாரைத் தட்ட முடியாது. தூர் எடுக்கோணும்னா நாலு பேரும் காசு போடோணும். மோட்டார் எரிஞ்சு போனாலும் அப்பிடித்தான். ஒருத்தன் கையை விரிச்சா மத்த மூணு பேரும் அவன் பங்கையும் சுமக்கோணும், இல்லாட்டி நாலு பேரு வெள்ளாமையும் காயும். பங்கை விக்கறவன் மத்த மூணு பேரு மூஞ்சியப் பார்த்துத்தான் விக்கோணும். கோ-ஆப்புங்கறது அந்தக் கிணறுதான் கண்ணு. எனக்கு மூணு பங்காளிக. உனக்கு எழுவது. நல்லா இரு.

சரி, நீ பார்த்து மயங்குனது என்னென்னன்னு வரிசையா வருவோம். மொதல்ல தரை. ஓக்கு மரத்தைச் சின்னச் சின்னச் சட்டமா அறுத்துப் பின்னுனாப்பல இழைச்ச தரை, நூறு வருசத்து வேலைப்பாடு, இப்பப் பண்ணச் சொன்னா ஆளு கிடையாதுன்னு அதை நீ குனிஞ்சு தடவிப் பார்த்தியாம். நல்ல தரைதான். இந்த ஊர்ல பல கோ-ஆப்புகள்ல ஒரு விதி இருக்குது, உன்ற கட்டடத்து விதிப் புஸ்தகத்துலயும் இருக்குது: கீழ் ஊட்டுக்காரனுக்குக் காலடிச் சத்தம் கேக்காம இருக்க, தரையில 80 சதவீதத்தைக் கம்பளம் போட்டு மூடோணும். அந்த ஓக்குத் தரைக்காகக் காசு குடு. பொறவு அதை மூடறதுக்குக் கம்பளத்துக்கும் காசு குடு. மீதி 20 சதவீதத்தை ஒறம்பரை வந்தாக் காட்டு.

அப்பறம் அந்த இரும்பு ரேடியேட்டரு. ஜன்னலுக்கு அடியில கெடக்குதே, ‘எத்தனை அழகா இருக்குது அப்பிச்சி’ன்னு போட்டோ புடிச்சுட்டு வந்தியே. கட்டடத்துக்கு அடியில ஒத்த பாய்லரு. அங்கிருந்து நீராவி ஏறி வந்து உன்ற ரூம்புல உஸ்ஸுங்கும், டம்டம்ங்கும். அது உன்ற பேச்சைக் கேக்காது. தை மாசத்துல வெளிய பனி கொட்டும், நீ உள்ளாற பனியனோட ஜன்னலத் தொறந்து வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பே. அதுக்கும் ஒரு கதை இருக்குது. 1918ல வந்த பெரிய காய்ச்சல்ல சனங்க கும்பல் கும்பலாச் செத்தாங்கல்ல, அப்ப சுகாதாரக்காரங்க காத்து வர ஜன்னலத் தொறந்து வெச்சுத்தான் படுக்கோணும்னாங்க. அதனால அந்தக் காலத்து என்ஜினீயருக, ஜன்னல் தொறந்திருந்தாலும் ரூம்பு சூடா இருக்கற மாதிரிப் பாய்லரைப் பெருசா வெச்சாங்க. காய்ச்சல் போயிருச்சு, பாய்லரு மட்டும் அப்பிடியே இருக்குது. காசை எரிச்சு ஜன்னல் வழியா வெளிய உடறதுக்குன்னே கட்டுன ஊட்டை நீ ஆசைப்பட்டு வாங்கறே.

துணி தொவைக்கற மெஷினு ஊட்டுக்குள்ள வெக்கக்கூடாது. பழைய குழாயி தாங்காது, தண்ணி ஒழுகும்னு பல பழைய கட்டடங்கள்ல தடை. கூடையத் தூக்கிக்கிட்டுப் பாதாள அறைக்குப் போயி, கார்டைச் சொருகி, முறைக்கு நின்னு தொவைச்சுட்டு வரோணும். மின்சாரமும் அப்பிடித்தான். அந்தக் காலத்துல வெளக்கும் ரேடியோவும்தான். இப்ப ஏசி, அடுப்பு, மைக்ரோவேவ் எல்லாத்தையும் ஒரே நேரத்துல போட்டா ஃபியூஸ் போயிரும். எந்தச் சுவத்துக்குள்ள எந்தக் காலத்துக் கம்பி ஓடுதுன்னு ஒரு எலக்ட்ரீசியனக் கூட்டிட்டுப் போயிப் பாரு. அலமாரியோ, அம்முணி பட்டுச் சீலைய மடிச்சு வெச்சா உன்ற கோட்டை நீ போட்டுக்கிட்டேதான் நிக்கோணும். ரெண்டாவது ரூம்பு அப்பிச்சிக்குத்தான்னு சொன்னே. சந்தோசம். ஆனா ஜன்னலும் 80 சதுர அடியும் இல்லாததை இந்த ஊருச் சட்டம் படுக்கையறைன்னு ஒத்துக்கறதில்லியாம். டேப்பைக் கொண்டு போயி அளந்து பாரு. அளக்காம வாங்குனா, நான் சட்டப்படி அலமாரியில படுத்திருக்கறவன்.

அம்முணிக்கு அடுக்களை சின்னதாப் படுது, சுவத்தை இடிச்சுப் பெருசு பண்ணிக்கலாம்னு நீ தைரியம் சொல்லியிருக்கறே. இடி கண்ணு, இடி. மொதல்ல கம்பெனியோட போர்டுகிட்ட வரைபடத்தக் குடுத்துக் கைகட்டி நிக்கோணும். அவங்க சரின்னாலும் வாரநாள்ல காத்தால ஒம்பதுலருந்து அஞ்சு வரைக்குந்தான் சுத்தி சத்தம் கேக்கலாம். கீழ் ஊட்டுக்காரன் படுக்கையறைக்கு மேல உன்ற அடுக்களைத் தண்ணி வரக்கூடாது, அதனால அடுக்களை அந்தப் பக்கம் நகராது. பொழுதுக்கும் கோர்ட்டுக்குப் போவேன்னு சொல்றவனாச்சே நீ, அதையும் கேட்டுக்கோ. ஐந்தாம் அவென்யூ ஒண்ணாம் நம்பர்க் கட்டடத்துல ஒருத்தரு அடுக்களைய விஸ்தாரம் பண்ண நீராவிக் குழாயைக் கொஞ்சம் நகர்த்தலாம்னு நெனைச்சாரு. போர்டு வேண்டாம்னுச்சு. மாநிலத்தோட உச்ச கோர்ட்டு வரைக்கும் போனாங்க. 1990ல தீர்ப்பு: போர்டு நல்ல எண்ணத்தோட, கட்டடத்து நன்மைக்குன்னு, தன்ற அதிகாரத்துக்குள்ள முடிவெடுத்தா, கோர்ட்டு அதுல தலையிடாது. ஒரு குழாயி நாலு விரக்கடை நகர்றதுக்கு மாநிலத்துக்கே சட்டம் போட்டுட்டாங்க பாரு.

அதுக்கு மேலயும் இருக்குது. மன்ஹாட்டன்ல மேற்கு 67ஆம் தெருவுல ஒரு பங்குதாரரு மேல் ஊட்டுக்காரங்ககூடச் சண்டை, புகார், வழக்குன்னு ஓயல. பங்காளிக கூட்டம் போட்டு ஓட்டெடுத்து, நீ ஊட்டைக் காலி பண்ணுன்னுட்டாங்க. 2003ல கோர்ட்டும் அது செல்லும்னுருச்சு. அன்னாடம் காத்தால ஆறு மணிக்கு அம்முணி கிரைண்டர் போடறாளல்லோ, அந்தச் சோலிய அப்பறம் பார்த்துக்கலாம்னு சொல்லி வை.

இப்பக் காசுக்கு வருவோம். இதுலதான் உன்ற மூளை நெம்ப வேகமா ஓடுது. 20 சதவீதம் கையிலருந்து, அது 1,20,000. மீதி 4,80,000 பேங்குக் கடன். வட்டி ஆறரைன்னு வெச்சாலும் முப்பது வருசத்துக்கு மாசம் ஒரு 3,030 டாலரு. ‘இப்பக் குடுக்கற வாடகைதான் அப்பிச்சி’ங்கறே. மெயின்டனன்ஸை மறந்துபோட்டே. அது மாசம் 1,200ன்னு வெச்சுக்குவோம். பாய்லருக்கு எண்ணெயோ கேஸோ, சுடுதண்ணி, ஊழியருக சம்பளம், இன்சூரன்சு, கட்டடத்துக்குச் சொத்து வரி, எல்லாத்துக்கும் அதுல உன்ற பங்கு. இன்னொண்ணும் அதுக்குள்ள ஒளிஞ்சு கெடக்கும்: கட்டடத்து மேலயே ஒரு கடன். நீ உன்ற ஷேருக்கு வாங்குன கடன் வேற, கம்பெனி கட்டடத்து மேல வாங்குன கடன் வேற. ரெண்டுக்கும் நீதான் கட்டறே. நீ ஒழுங்காத் தவணை கட்டியும் கம்பெனி அதுங் கடனைக் கட்டாமப் போச்சுன்னா, கட்டடம் ஏலத்துக்குப் போயிரும். உன்ற ஷேரு வெறுங் காகிதம். 1930கள்ல பெரிய மந்தம் வந்தப்ப இந்த ஊர்ல எத்தனையோ கோ-ஆப்பு அப்பிடித்தான் முழுகிப்போச்சு. ஜாக்சன் ஹைட்ஸ்லயே பல கட்டடம் திரும்ப வாடகைக் குடித்தனமா மாறிப்போயி, வெகு காலத்துக்கு அப்பறம்தான் மறுபடி கோ-ஆப்பு ஆச்சு.

மெயின்டனன்ஸு கம்மின்னு புரோக்கரு பெருமையாச் சொன்னானாம். கம்மியா இருந்தாச் சந்தோசப்படாத, சந்தேகப்படு. பத்து வருசமாத் தூர் எடுக்காத கிணத்துக்கும் செலவு கம்மிதான். ஒருநாள் பாய்லரு வெடிச்சாலோ, கூரை ஒழுகுனாலோ, பங்குக்கு இத்தனைன்னு தனியா வசூல் வரும். 1979ல ஒரு கட்டடத்து மேல இருந்து கல்லு உழுந்து ஒரு காலேஜுப் புள்ள செத்துப்போச்சு. அதுக்கு அடுத்த வருசமே சட்டம் போட்டாங்க. ஆறு மாடிக்கு மேல உசரமான கட்டடம் அஞ்சு வருசத்துக்கு ஒருக்கா வெளிச் சுவத்தைப் பரிசோதிச்சுச் சான்று தரோணும். உன்ற கட்டடம் சரியா ஆறு மாடி, அதனால தப்பிச்சுக்குச்சு. ஆனா 2024லருந்து தெருவைப் பார்த்த மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவத்தை வருசா வருசம் பார்க்கோணும்னு இன்னொரு சட்டம், அதுக்கு மாடிக் கணக்கு இல்ல. இதோட கட்டடம் உடற கரிப்புகைக்கும் வரம்பு வெச்சுட்டாங்க. 2019ல சட்டம் போட்டு, 25,000 சதுர அடிக்கு மேல இருக்கற பெரும்பாலான கட்டடங்களுக்கு 2024லருந்து கணக்கு ஓடுது. வரம்பைத் தாண்டுன ஒவ்வொரு டன்னுக்கும் 268 டாலர் தண்டம். 2030ல வரம்பு இன்னும் இறுகுது. ஜன்னலத் தொறந்து வெச்சுக்கிட்டுப் பனியனோட உக்காந்திருப்பேன்னு சொன்னேனே, அந்தச் சூட்டுக்குத்தான் இந்தத் தண்டம்.

அதனால வக்கீலு பீஸுல கருமித்தனம் பண்ணாத. கம்பெனியோட ரெண்டு மூணு வருசத்து வரவு செலவுக் கணக்கை வாங்கு. போர்டுக் கூட்டத்து நடவடிக்கைக் குறிப்பை வக்கீலு போயிப் படிச்சுட்டு வரட்டும். பாய்லரு, கூரை, லிப்டு, எலி, மூட்டைப்பூச்சி, எவன் எவனை மொறைச்சுக்கிட்டான்ங்கற பழமை அத்தனையும் அதுல இருக்கும். கையிருப்பு எத்தனை, கட்டடத்துக் கடன் எப்பத் திரும்பப் புதுப்பிக்கோணும், எத்தனை பேரு மெயின்டனன்ஸைப் பாக்கி வெச்சிருக்கறாங்க, கட்டடம் நிக்கற மண்ணு கம்பெனிக்கே சொந்தமா இல்ல குத்தகையான்னு கேளு. மண்ணு வேற ஆரோடதாவது இருந்தா, குத்தகை புதுப்பிக்கற வருசத்துல உன்ற மெயின்டனன்ஸு எகிறிப்போகும். கேஸ் வாசம் வந்து எப்பவாச்சும் அடைச்சாங்களான்னும் கேளு. ஒருக்கா அடைச்சா மொத்தக் கட்டடத்துக் குழாயையும் பரிசோதிச்சுத் தொறக்கறதுக்குள்ள மாசக்கணக்கா ஆகும், அதுவரைக்கும் கரண்ட் அடுப்புலதான் சோறு. இதையெல்லாம் கேக்கறதுக்கு முந்தி நேராப் பாதாள அறைக்குப் போயிக் கட்டடத்தைப் பார்த்துக்கற பெரியவருகிட்ட நின்னு பேசு. புரோக்கரு கூரையக் காட்டுவான். அந்தப் பெரியவருக்குத்தான் குழாயி தெரியும். கிறிஸ்துமஸுக்கு அவருகிட்டக் கவரு குடுக்கோணும்ங்கறதையும் இப்பவே மனசுல வெச்சுக்கோ.

இத்தனையும் சரின்னு பேங்குக்காரனே கையெழுத்துப் போட்டாலும் காரியம் முடியாது. போர்டு சம்மதிக்கோணும். போர்டுன்னா ஆரு? அதே கட்டடத்துல குடியிருக்கற உன்ற பங்காளிகதான். பேங்கு கேக்கறதை உடச் சாஸ்தி கேப்பாங்க. ரெண்டு மூணு வருசத்து வருமான வரிக் காகிதம், பேங்குக் கணக்கு, கம்பெனிச் சம்பளச் சான்று, நீ நல்லவன்னு உன்ற கூட்டாளிக எழுதுன லெட்டரு, முந்தின ஊட்டுக்காரரு சான்று. கடனும் மெயின்டனன்ஸும் சேர்த்தா மாசம் 4,230. அது உன்ற வருமானத்துல கால் பங்கு, மிஞ்சுனா 28 சதவீதம், அதுக்கு மேல போகக்கூடாதுன்னா, நீயும் அம்முணியும் சேர்ந்து வருசம் 1,80,000க்கு மேல சம்பாதிக்கோணும். முன்பணம் குடுத்து, வக்கீலுக்குக் குடுத்து, எல்லாம் முடிஞ்ச பொறவும் ஒரு வருசத்துலருந்து ரெண்டு வருசத்துத் தவணை பேங்குல தூங்கோணும்பாங்க. ஒரு வருசம்னா 50,000, ரெண்டு வருசம்னா ஒரு லட்சம். கையில காசில்லாதவனுக்குத்தான் கடன் வேணும், கடன் வேண்டியவனுக்கு இங்க எடமில்ல.

அப்பறம் நேர்ல கூப்புட்டுப் பார்ப்பாங்க. இனம், மதம், நாடு, நெறம், கொழந்தை குட்டின்னு எதை வெச்சும் தள்ளக்கூடாதுன்னு இந்த ஊருச் சட்டம் கண்டிசனாச் சொல்லுது. நல்ல சட்டம். ஆனா வேண்டாம்னா ஏன் வேண்டாம்னு போர்டு சொல்லோணும்ங்கற வழக்கம் வெகு காலமா இல்ல. காரணமே சொல்லாதவன்கிட்டக் காரணம் தப்புன்னு எப்பிடிச் சண்டைக்குப் போவே? நாட்டை ஆண்ட ரிச்சர்ட் நிக்சனே 1979ல மன்ஹாட்டன்ல கோ-ஆப்பு வாங்கப் போயி, கதவு தொறக்காமத் தனி ஊடு வாங்கிட்டுக் குடி போனாரு. 1985ல மடோனாவை சான் ரெமோக் கட்டடத்துக்காரங்க வேண்டாம்னுட்டாங்க. நீ ஐ.டி.க் கம்பெனியில கோட்டைப் போட்டுக்கிட்டுப் போறவன், உன்னைப் பத்தி எனக்குக் கவலையில்ல. உன்ற வாயைப் பத்தித்தான் கவலை. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. அடுக்களைய இடிக்கற ரோசனையக் கட்டடத்து வாசல்லயே உட்டுப்போட்டு உள்ள போ. பாட்டுக் கத்துக்கறேன்னு சொல்லாத. வருசா வருசம் ஒறம்பரை ஆறு மாசம் வந்து இருப்பாங்கன்னு தப்பித்தவறிச் சொல்லிராத, நான் ஒரு வார்த்தையும் பேசாம மூலையில உக்காந்துக்கறேன். இந்த நேர்காணல்ல கெலிச்சவங்க அத்தனை பேரும் அன்னைக்கு ஒரு மணி நேரம் சாறு இல்லாத மனுசனா இருந்தவங்கதான்.

விக்கறப்பவும் இதே கதைதான். நீ புடிச்ச ஆளை போர்டுக்குப் புடிக்கோணும். போறப்பக் கட்டடத்துக்கு ஒரு பங்கு வெச்சுட்டுப் போ, ஒண்ணுலருந்து மூணு சதவீதம்னு பல எடத்துல வாங்கறாங்க. ரெண்டுன்னு வெச்சா 12,000. வாடகைக்கு உட்டுப்போட்டு ஊருக்குப் போயி ரெண்டு வருசம் இருந்துட்டு வரலாம்னு நெனைச்சயின்னா, மொதல்ல ரெண்டு வருசம் நீயே குடியிரு, பொறவு அஞ்சு வருசத்துல ரெண்டு வருசம் மட்டும் உடு, அதுவும் எழுதிக் கேட்டுட்டு உடும்பாங்க.

ஆருடா இந்தக் கிணத்தை மொதல்ல வெட்டுனதுன்னு நான் விசாரிச்சேன். 34ஆம் அவென்யூவுல காரு வராம மறிச்சு வெச்சிருக்கறாங்கல்ல, அங்க பெஞ்சுல பழமை பேசற கெழவங்களுக்குத் தெரியாதது ஒண்ணுமில்ல. 1909ல ஈஸ்ட் ரிவர்ல குவீன்ஸ்பரோப் பாலம் தொறந்ததும், எட்வர்ட் மெக்டூகல்ங்கறவரோட குவீன்ஸ்பரோ கார்ப்பரேஷன் இங்க தோட்டங்காட்டை ஏக்கர் கணக்குல வாங்கிப் போட்டுச்சு. 1917ல ரயிலு வந்துச்சு. ஒரு பிளாக்கு முழுக்கச் சுத்திக் கட்டடம், நடுவுல தோட்டம்னு கட்டி, 1919ஐ ஒட்டி ஷேரு போட்டு விக்க ஆரம்பிச்சாங்க. கோல்ஃப் மைதானம் வேற. அழகுதான், இல்லீன்னா 1993ல அரசாங்கமே இதைப் பாரம்பரியப் பேட்டைன்னு அறிவிச்சு, தெருவைப் பார்த்த ஜன்னலை மாத்தறதுக்குக்கூட அனுமதி வாங்கோணும்னு வெச்சிருக்குமா? ஸ்கிராபிள் விளையாட்டை உருவாக்குன ஆல்பிரெட் பட்ஸ் இந்தப் பேட்டையிலதான் குடியிருந்தாருன்னு புரோக்கரு சொன்னானாமே, அதுக்குச் சதுர அடிக்கு எத்தனை டாலர் சேர்த்தான்னு கேட்டியா?

அவன் சொல்லாம உட்டது வேற ஒண்ணு. அன்னைக்கு இந்தப் பேட்டை யூதருக்குக் கெடையாது, கறுப்பருக்குக் கெடையாது. ‘தேர்ந்தெடுத்த ஆளுகளுக்கு மட்டும்’னு சொல்லித்தான் வித்தாங்க. ஷேரும் போர்டும் சம்மதமும் அதுக்குத் தோதாப் போச்சு. அப்ப நம்ம நெறத்துல ஒருத்தன் அந்தத் தோட்டத்துக்குள்ள போயிருந்தா செடிக்குத் தண்ணி ஊத்தத்தான் போயிருப்பான். 1965ல குடியேற்றச் சட்டம் மாறுன பொறவு 74ஆம் தெருவுல சீலைக்கடை, நகைக்கடை, மளிகைக்கடைன்னு வந்துச்சு. அதே ஏழாம் நம்பர் ரயில்ல கடைசி ஸ்டேஷன்ல எறங்குனா, பிளஷிங்ல 1977ல கும்பாபிஷேகம் ஆன புள்ளையாரு கோயிலு, அடியில கேன்டீன்ல தோசை. காலம் அத்தனை பெருசாப் பொரண்டு படுத்துருச்சு. பொரளாதது அந்தக் குத்தகைச் சீட்டு மட்டும்தான்.

ஆனா அதே சீட்டை வேற மாதிரியும் எழுதியிருக்கறாங்க அப்புனு. புரூக்ளின்ல சன்செட் பார்க்குல 1916ல, ஃபின்லாந்துலருந்து வந்த தச்சருகளும் துறைமுகக் கூலிகளும் காசைப் போட்டு, ‘அல்கு’ன்னு ஒரு கட்டடம் கட்டுனாங்க. லாபத்துக்கு விக்கறதுக்கில்ல, குடியிருக்க. 1927ல பிராங்க்ஸ்ல துணி தைக்கற தொழிலாளி சங்கம் அமால்கமேட்டட்னு ஒண்ணு கட்டுச்சு, இன்னைக்கும் நிக்குது. தண்ணிய எல்லாரும் எடுக்கோணும்னு வெட்டுன கிணறும் உண்டு, அடுத்தவன் எடுக்கக்கூடாதுன்னு வெட்டுன கிணறும் உண்டு. ரெண்டுலயும் பங்கு கணக்கு ஒண்ணுதான், எறைக்கற சட்டமும் ஒண்ணுதான். நம்மூர்லயே ஊருக் கிணறுன்னு பேரு வெச்சுக்கிட்டு ஊருல பாதிப் பேர எட்ட நிறுத்துன கிணறு இருந்துச்சு. உன்ற அப்பன் உனக்கு அதைச் சொல்லியிருக்க மாட்டான்.

ஆகவே வாங்கிப்போடு. கணக்கு நல்லா இருந்து, பாய்லரு நல்லா இருந்து, பங்காளிக ஒருத்தருக்கொருத்தர் லிப்டுல பேசிக்கறவங்களா இருந்தா, நல்ல எடம்தான். சுவரு கனம், அக்கம்பக்கத்துச் சத்தம் கேக்காது. தோட்டத்துல நெழல் இருக்குது. அம்முணிக்கு ரயிலு பக்கம். ஆறு மாசம் வந்து போற கெழவனுக்கு இதுக்கு மேல என்ன வேணும்?

வாங்குன அடுத்த வருசமே போர்டுக்கு நில்லு. பாய்லரு எப்ப மாத்தறது, கையிருப்பு எத்தனைன்னு தெரிஞ்சுக்காமத் தூங்கறவன் பங்காளி இல்ல, வெறும் வாடகைக்காரன். கணக்குல நீ புலி, சேர்த்துக்குவாங்க. ரெண்டாம் மாசம் புதுசா ஒரு சோடி காகிதக் கட்டோட வந்து எதிர்ல உக்காரும். நேப்பாளமோ, ஈக்வடாரோ, எந்த ஊரோ. அவங்க கணக்கைப் பாரு. கடன் கட்டுவாங்களான்னு பாரு. அது கிணத்தைக் காப்பாத்தற சோலி, அதுல தயவு வேண்டாம். அதுக்கு மேல, ‘ஊட்டுல நெறையச் சமையல் உண்டுங்களா? ஒறம்பரை அடிக்கடி வருவாங்களா?’ன்னு ஒரு கேள்வி உன்ற நாக்கு நுனிக்கு வரும். எனக்கு அதெல்லாம் வராது அப்பிச்சிங்கறே. வரும் கண்ணு. பங்கு வாங்குன எவனுக்கும் மூணு மாசத்துல வரும்.

வந்தா முழுங்கிப்போட்டு, சம்மதம்னு கையத் தூக்கு. இப்ப எந்திரிச்சுப் போயி வக்கீலுக்குப் போன் பண்ணு. சோறு ஆறிப்போச்சு.